கறுப்பாய் வந்த கல்யாணப் பத்திரிகை

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஜுவேரியாவின் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் இசக்கிமுத்து. மஞ்சள் நிறக் கல்யாணக் கார்டு, உச்சியில் தங்க நிறப் பிள்ளையார், அதற்குக் கீழே அப்போதுதான் அச்சான எழுத்துகள். படத்துக்கு அடியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "எம்மா, என்ன கலரு இது?"

எழுத்துகள் கறுப்பாக இருந்தன.

ஜுவேரியா படத்தை விரலால் பெரிதாக்கினாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். போனின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவிட்டுப் பார்த்தாள். மாளவிகா என்ற பெண்ணின் பெயர், சாய்நாத் என்ற மாப்பிள்ளையின் பெயர், நாள், நட்சத்திரம், மண்டபம், ஓரத்தில் அவளே வரைந்த குத்துவிளக்கு எல்லாமே கறுப்பு. அவள் வைத்துக் கொடுத்த நிறமோ அரக்கு.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார முடியாமல் எழுந்தாள்.

கல்யாணப் பத்திரிகையில் கறுப்பு எழுத்து கூடாது என்பது மயிலாப்பூரில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கறுப்பு எழுத்து காரியப் பத்திரிகைக்கு உரியது. அதைக்கூட வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். படித்ததும் வெளியே போட்டுவிடுவார்கள். கச்சேரி ரோட்டில் மசூதிக்குப் பின்னால் உள்ள சந்தில் வளர்ந்தவள் ஜுவேரியா. அக்கம்பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகள் அவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு கட்டு இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம், அரக்கு என்று எல்லாவற்றிலும் எழுத்து உண்டு. கறுப்பில் ஒன்றுகூடக் கிடையாது.

அவளுக்கு வயது இருபத்து மூன்று. பி.காம். முடித்து ஒரு வருடம் டிராவல்ஸ் ஆபீஸ் ஒன்றில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். மெக்காவுக்குப் போகும் உம்ரா பயணத்துக்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்று அங்கே யாரோ சொல்ல, விளையாட்டாகப் போனிலேயே செய்து கொடுத்தாள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு டிசைனர் ஆகப் போகிறேன் என்றாள். அதற்கப்புறம் அவள் ஒரு நாளும் பயமில்லாமல் தூங்கி எழுந்ததில்லை.

இந்தப் பத்திரிகை அவளுக்கு வெளியிலிருந்து வந்த முதல் வேலை. வந்தது அண்ணன் வாஜித் மூலம்.

வாஜித் பத்தாவது வரை படித்தவன். தி.நகர் ரங்கநாதன் தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மொபைல் ரிப்பேர் கடையில் வேலை. ஒரு போனைக் கழற்றினால் முதலில் அதன் படத்தை வெள்ளைத் தாளில் வரைந்துகொள்வான். எந்தத் திருகு எந்த இடத்திலிருந்து வந்ததோ, தாளில் அந்த இடத்திலேயே அதை வைப்பான். தெற்கு மாட வீதி விசாலாக்ஷி மாமியின் போன் தண்ணீரில் விழுந்தபோது, பெண்ணின் நிச்சயதார்த்தப் படங்கள் ஒன்றுகூடக் குறையாமல் மீட்டுக் கொடுத்தவன் அவன்தான். மாமி ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். மெச்சிப் பேசிக்கொண்டே, "பத்திரிகை அடிக்கணும்பா, எல்லாம் ஒரே மாதிரி அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். வாஜித்துக்கு அது போதும்.

"என் தங்கச்சி டிசைனர் மாமி. எந்த சாஃப்ட்வேர் குடுத்தாலும் பின்னிடுவா."

உண்மையில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைக் கற்கத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு அவள் பட்ட பாடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாஜித் பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்திருந்தான். பெரிய ஸ்டூடியோக்களில் ஓட்டுகிற சந்தா மென்பொருளை ஏழு நாள் இலவசமாக அதில் ஏற்றிப் பார்த்தாள். ஏற்றிய மறுநிமிடம் உள்ளே இருக்கிற மின்விசிறி கிரைண்டர் மாதிரி அலறியது. ஒரு வட்டம் போட்டு அதற்கு நிறம் கொடுப்பதற்குள் அம்மா ஜைதூன் பீ சோறு வடித்து இறக்கிவிட்டார். கம்ப்யூட்டர் தாங்கவில்லை.

கூடப் படித்த ஃபைசான் இப்போது தரமணியில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறான். அவனிடம் கேட்டாள்.

"அய்ய, இதுக்குப் போயா கவலைப்படறே? கோரல் டிரா பழைய வெர்ஷன் பென்டிரைவ்ல கீது, தரேன். ஆன்ட்டி வைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போட்டுக்க. நெட்டு மட்டும் கனெக்ட் பண்ணாத."

"நெட்டு கனெக்ட் பண்ணா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆவாது... ஆனா பண்ணாத."

அந்த 'ஆனா'தான் அவளைப் பயமுறுத்தியது. பூட்டை உடைத்துத் திறந்த வீட்டில் குடியிருப்பது போலத்தானே இது? நாளைக்கு ஒரு பெட்டி திரையில் எழும்பி, 'இது திருட்டுப் பிரதி' என்று சொன்னால் யாருக்குப் பதில் சொல்வது? பென்டிரைவை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தாள். தொடவில்லை. மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போனில் தயாராகக் கிடைக்கிற மாதிரிகளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும் செயலியும் இருந்தது. சுலபம்தான். ஆனால் அதில் செய்த பிறந்தநாள் வாழ்த்தை எதிர்வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே வேறு குழந்தைக்கு வைத்திருந்தார்கள்.

கடைசியில் வந்து சேர்ந்த இடம் இங்க்ஸ்கேப். இலவசம், திருட்டில்லை, பழைய கம்ப்யூட்டரிலும் சத்தமில்லாமல் ஓடுகிறது. கோடும் வளைவுமாக வரைவதற்கு என்றே செய்தது. ஓட்டிப் பார்த்த மூன்றிலும் அவள் வைத்த பரீட்சை ஒன்றே: வாஜித்தின் கடைக்கு 'ஸ்க்ரீன் மாற்றித் தரப்படும்' என்று ஒரு பலகை. இங்க்ஸ்கேப்பில்தான் 'ஸ்க்ரீ' நினைத்தபடி வளைந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது நாலு தடவை அதையே சொன்னாள்.

ஆனால் தி.நகரில் டிசைன் சொல்லித் தருகிற ஓர் இடத்துக்கு விசாரிக்கப் போனபோது, கவுன்டரில் இருந்த ஆள் சிரித்துவிட்டான். "இலவச சாஃப்ட்வேர்ல பண்றதெல்லாம் டிசைனா மேடம்? பிரஸ்ஸுல போய்ச் சொல்லாதீங்க, உள்ளயே விட மாட்டாங்க." அந்தச் சிரிப்பு அவளுக்குள் ஊசி மாதிரி தங்கிவிட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் இங்க்ஸ்கேப் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அச்சகத்து முதலாளி ரகுபதி போன் செய்து, "கோரல்ல தானேமா பண்றே?" என்று கேட்டபோது, "ஆமா சார்" என்று வந்துவிட்டது.

"அப்ப சரி. உனுக்கே தெரியும். வழக்கம் போல அனுப்பிடு."

வழக்கம் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் உடைந்துவிடும் என்ற பயம்.

இப்போது அந்த ஒரு 'ஆமா' கறுப்பாக அச்சாகிப் போனில் வந்து நிற்கிறது.

ஜுவேரியா கடிகாரத்தைப் பார்த்தாள். நாளை வெள்ளிக்கிழமை. காலை பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் முதல் பத்திரிகையைக் கபாலீசுவரர் சந்நிதியில் வைத்தாக வேண்டும் என்று மாமி சொல்லியிருந்தார். அன்று இரவே மாமாவும் மாமியும் மீதிக் கட்டோடு கும்பகோணத்துக்கு ரயிலேறுகிறார்கள். அது மட்டுமல்ல. மங்கள காரியம், அச்சு வேலையையும் ராகு காலத்தில் தொடங்கக் கூடாது என்பது மாமி போட்ட நிபந்தனை. இன்றைக்கு ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. மூன்று மணிக்கு மேல் அந்த மெஷின் ஒரு பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அது முடிய ராத்திரியாகும்; மறுநாள் அச்சகம் திறப்பதோ பத்து மணிக்குத்தான். ஆக, ஒன்றரைக்குள் சரியான முதல் கார்டு மெஷினிலிருந்து விழ வேண்டும். விழாவிட்டால் சாமிக்குப் பத்திரிகை இல்லை.

துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியவள் நடந்துகொண்டே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"பாய்ஜான்... பத்திரிகை கறுப்பா வந்திடுச்சு."

"என்னாது? கறுப்பாவா?" கடையில் யாரோ அவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம் சார், உங்க சார்ஜர் பின் கதை அப்பறம்... ஜுவீ, கறுப்புன்னா சுத்தக் கறுப்பா?"

"சுத்தக் கறுப்பு."

"யா அல்லாஹ்! நான் மாமி கிட்ட எல்லாம் தெரியும்னு சொல்லிட்டேனே!"

"யாரு சொல்லச் சொன்னது?"

"நீ சொல்லாதன்னு சொன்னியா?" அவன் குரல் அவளுடையதைவிட அதிகமாக நடுங்கியது. "இப்ப என்ன பண்றது? மாமா ஹார்ட் பேஷன்ட் வேற. நான் கடைய விட்டு வரட்டா? மொதலாளி வேற ஊர்ல இல்ல. ஜுவீ, நீ அழுவறியா?"

"இல்ல. வண்டி சத்தம்."

அழுதுகொண்டுதான் இருந்தாள். போனை வைத்துவிட்டாள்.

அச்சகம் லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. கீழ்த்தளத்தில் மை போட்டு ஓட்டுகிற சின்ன ஆஃப்செட் மெஷின்; மாடியில் கலர் மெஷின். வாசலில் நுழையும்போதே ரகுபதியின் குரல் கேட்டது.

"வாம்மா, வா. இன்னா வேல பண்ணிக்கீறே? கல்யாணமா, கருமாதியா?"

மேசைமேல் கெட்டுப்போன கார்டுகள் அடுக்கியிருந்தன. இசக்கிமுத்து அவற்றின்மேல் ஒரு தாளைப் போட்டு மூடியிருந்தார். திருநெல்வேலிக்காரர், சென்னைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது.

"இருபத்தாறு கார்டு ஓடிருச்சும்மா. இருபத்தாறாவது என் கண்ணுல பட்டுது. நிறுத்திட்டேன். மாமி அம்பது கார்டு உபரியா வாங்கிக் குடுத்திருக்காங்க, அதனால கார்டுக்குக் குறைச்சல் இல்ல. நேரந்தான் காணாது" என்றார்.

அவள் ஒரு கார்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். உற்றுப் பார்த்தால் எங்கோ அடியில் ஒரு சிவப்பு தெரிந்தது. அவள் வைத்த அரக்கு ரொம்ப அடர்த்தி. பின்னாலிருந்து ஒளி வீசுகிற திரையில் அது பட்டுப்புடவைக் கரை மாதிரி தெரிந்தது. மஞ்சள் கார்டில் நாலு நிற மையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கறுத்துப் போய்விட்டது.

"அரக்கு வேணும்னா எதுக்குமா கலர்ல அனுப்பினே?" ரகுபதி மேசையைத் தட்டினார். "கலர்ல வந்த ஃபைலு மேல கலர் மெஷினுக்குப் பூடும். ஒரே கலர் வேலைன்னா எல்லாத்தையும் கறுப்புல வெச்சு அனுப்பணும். நாங்க அதுலேர்ந்து மாஸ்டர், அதான் அச்சுத் தகடு, எடுத்து அரக்கு மைய போட்டு ஓட்டுவோம். கோரல்ல வேல செய்யற எல்லாருக்கும் இது தெரியுமே. சரி, குந்து. இங்கயே மாத்து."

அச்சகத்துக் கம்ப்யூட்டரின் முன்னால் அவளை உட்கார வைத்தார். கோரலில் அவள் ஃபைல் திறந்திருந்தது.

முன்பின் தெரியாத வீட்டுக்குள் கரண்ட் போன மாதிரி இருந்தது அவளுக்கு. பழகிய இடத்தில் பழகிய பொத்தான் எதுவும் இல்லை. மவுஸை மேலே கொண்டு போனாள், கீழே கொண்டு வந்தாள். எதையோ அழுத்தப் போய்ப் பிள்ளையார் சுழி நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டது. பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ரகுபதியின் மூச்சு கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து.

"இன்னாமா, புச்சா பாக்கற மாரி பாக்கறே?"

இன்னும் ஒரு பொய்யைச் சொல்லலாம். இது வேறு வெர்ஷன், எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னால் நம்பிவிடுவார். வாயெடுத்தாள். ஆனால் அதைச் சொன்னால் வேறு வெர்ஷனைத் தேடுவார்கள். அதற்குள் ஒன்றரை ஆகிவிடும்.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், எனக்குக் கோரல் தெரியாது. நான் இங்க்ஸ்கேப்ல பண்ணேன். அது இலவச சாஃப்ட்வேர். நீங்க கேட்டப்ப பயந்துட்டு ஆமான்னு சொல்லிட்டேன்."

ரகுபதி மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். முப்பது வருடமாகத் தொழில் செய்கிறவர், எவனும் தன் வாசலில் இப்படிப் பொய் சொன்னதில்லை என்றார். வாஜித் பாய் நல்ல மனுஷன், அவன் முகத்துக்காக எடுத்த வேலை என்றார். அவள் தலையைக் குனிந்து நின்றாள். ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாகவே பட்டதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

இசக்கிமுத்து குறுக்கே வந்தார். "முதலாளி, திட்டுறத மூணு மணிக்கு மேல வச்சிக்கிடலாம். எம்மா, நீ எதுல செஞ்சா எனக்கென்ன? கல்லுல செதுக்கிக் கொண்டா, நான் ஓட்டுதேன். எல்லாம் முழுக் கறுப்பா இருக்கணும். பாதிக் கறுப்பு, சாம்பல் எதுவும் ஆகாது. புள்ளி புள்ளியா உடைஞ்சிரும். அந்த விளக்குல நிழல் மாதிரி பூசிருக்கியே, அத எடுத்துட்டுக் கோடா வரஞ்சு கொண்டா. எவ்வளவு நேரம்?"

"வீட்டுக்குப் போய் வரணும். முக்கால் மணி."

"ஓடு."

ஆட்டோ கச்சேரி ரோட்டுக்குள் நுழைய பத்து நிமிடம் பிடித்தது. கம்ப்யூட்டர் எழுந்திருக்க இன்னும் நாலு நிமிடம். ஜைதூன் பீ தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றார்.

"என்னம்மா ஆச்சு? முகமெல்லாம் வெளுத்திருக்கு."

"ஒண்ணுமில்ல அம்மி. துஆ பண்ணுங்க."

"எதுக்குன்னு சொல்லு, அதுக்குத் தகுந்த மாதிரி பண்றேன்."

"மாளவிகா கல்யாணப் பத்திரிகைக்கு."

அம்மா மேற்கொண்டு கேட்காமல் தொழுகை விரிப்பை எடுக்க உள்ளே போனார்.

இங்க்ஸ்கேப் திறந்ததும் அவள் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கின. எல்லா எழுத்தையும் ஒரு சேரப் பிடித்தாள். நிறப் பெட்டியைத் திறந்தாள். கறுப்பின்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

அழுத்த முடியவில்லை. கறுப்பாக வந்ததற்குத்தானே இத்தனை பயம்? இப்போது அவளே தன் கையால் மாளவிகாவின் பெயரைக் கறுப்பாக்க வேண்டும். இசக்கிமுத்து மறந்துபோய் மெஷினில் கறுப்பு மையையே வைத்திருந்தால்? ரகுபதி சொன்னதைத் தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்? இந்தத் தடவை இருபத்தாறாவது கார்டில் நிறுத்தக் கண் இல்லாமல் போனால்? இசக்கிமுத்துவுக்குப் போன் அடித்தாள்.

"அண்ணே, நிச்சயமா கறுப்புதானே? சுத்தக் கறுப்பு?"

"சுத்தக் கறுப்பு. அரக்கு மைய டப்பாலேர்ந்து எடுத்து உருளைல தடவிக்கிட்டிருக்கேன். என் கைய படம் எடுத்து அனுப்பவா?"

"அனுப்புங்கண்ணே."

அவர் சிரித்துவிட்டு நிஜமாகவே அனுப்பினார். விரல் நகமெல்லாம் அரக்கு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் கறுப்பை அழுத்தினாள்.

திரையில் காரியப் பத்திரிகை ஒன்று எழுந்து நின்றது. அதைப் பார்க்காமலிருக்க விளக்கை மட்டும் பெரிதாக்கிக்கொண்டாள். நிழல் பூச்சை முழுக்க அழித்தாள். விளக்கின் பாதம், தண்டு, அஞ்சு முகம், அஞ்சு சுடர் என்று ஒவ்வொரு வளைவையும் கோடாக இழுத்தாள். இந்த வேலைக்குக் கோரலில் எந்தப் பொத்தான் என்று தேடியிருந்தால் சாயங்காலம் ஆகியிருக்கும். இங்கே இருட்டில்கூட வரைவாள். மூன்று மாதமாக வரைந்து வரைந்து அழித்ததெல்லாம் இதே வளைவுகள்தான். பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு முடித்தாள். வேறு கம்ப்யூட்டரில் எழுத்துரு மாறிவிடாமல் இருக்க எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிச் சேமித்தாள். பெரிதாக்கி ஒவ்வொரு பெயரையும் தேதியையும் ஒரு முறை படித்தாள். பென்டிரைவில் ஏற்றிய பிறகு மறுபடியும் படித்தாள்.

திரும்பி அச்சகத்துக்கு வந்தபோது மணி ஒன்று மூன்று. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன. உள்ளே நாற்காலியில் விசாலாக்ஷி மாமி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை.

"வாடீம்மா. இந்தப் பக்கமா வந்தேன், முதல் பத்திரிகையைக் கையோட ஆத்துக்கு எடுத்துண்டு போயிடலாம்னு உக்காந்துண்டிருக்கேன். இவா யாரும் வாயே தெறக்க மாட்டேங்கறா. ஏன், மெஷின் ரிப்பேரா?"

ரகுபதி மேல்கூரையைப் பார்த்தார். இசக்கிமுத்து பென்டிரைவுக்குக் கையை நீட்டினார். அவர் அதைக் கம்ப்யூட்டரில் செருகித் திறந்த அதே நேரத்தில் மாமி எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

திரை முழுக்கக் கறுப்பு எழுத்து.

மாமி நெஞ்சில் கையை வைத்தார். "அய்யய்யோ! என்னடீ இது? என் பொண்ணு பேரை இப்படிப் போட்டிருக்கே? பகவானே, இதைப் பார்த்தா அவர் ஒடிஞ்சு போயிடுவாரே!"

"மாமி, அது வந்து..." என்று ரகுபதி தொடங்கினார்.

"நான் சொல்றேன் சார்" என்றாள் ஜுவேரியா. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, இது அச்சுக்கு மாஸ்டர் எடுக்கறதுக்கு மட்டும்தான் கறுப்பு. மெஷின்ல அரக்கு மைதான் இருக்கு. ஆனா காலைல நெஜமாவே தப்பு நடந்துச்சு. நான் கலரா அனுப்பிட்டேன். அது கறுப்பா அச்சாயிடுச்சு. இருபத்தாறு கார்டு. தப்பு இவங்களுது இல்ல, என்னுது."

மாமி அவளையே பார்த்தார். "இருபத்தாறு... கறுப்பா?"

"ஆமா மாமி."

"எங்கே அது?"

இசக்கிமுத்து மேசைமேல் இருந்த தாளை விலக்கப் போனார். மாமி அவசரமாகக் கையை ஆட்டினார். "வேண்டாம், வேண்டாம், எனக்குக் காட்டாதேங்கோ! கிழிச்சும் போடப்படாது, அதுல கொழந்தைகள் பேர் இருக்கு."

"கிழிக்க மாட்டோம் அம்மா. இங்க கெட்டுப்போன கல்யாணக் கார்ட தண்ணில ஊறப் போட்டுருவோம். கூழாயிரும்."

மாமி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஒன்பது. உதடு எதையோ முணுமுணுத்தது. சுலோகமா, திட்டா என்று தெரியவில்லை.

"ஒன்றரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள ஒண்ணு நான் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா எனக்கு இந்தப் பத்திரிகையே வேண்டாம், நான் வாயால சொல்லி அழைச்சுக்கறேன்."

பிரிண்டரிலிருந்து மாஸ்டர் கறுப்பாக வெளியே வந்தது. இசக்கிமுத்து அதை மெஷினில் மாட்டினார். முதலில் வெற்றுத் தாள்களை விட்டார். அவற்றில் மை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் வெளிறி வந்தது. ஒரு திருகைத் திருப்பினார். மறுபடியும் விட்டார். ஜுவேரியா தாளைப் பார்க்கவில்லை. அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகம் அரக்குதான். ஒன்று பத்தொன்பது. "இப்ப கார்டு" என்றார். மஞ்சள் கார்டு உள்ளே போய் மறுபக்கம் விழுந்தது.

மாமிதான் முதலில் எடுத்தார். மை காயாததால் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தார். நம்பவில்லை. வாசலுக்குப் போய் வெயிலில் நீட்டிப் பார்த்தார். ஜுவேரியாவும் பின்னாலேயே ஓடினாள்.

வெயிலில் எழுத்துகள் நல்ல அரக்காக நின்றன. விளக்கின் அஞ்சு சுடரும் உடையாமல் தெரிந்தன.

மாமி தேதியைப் படித்தார். நட்சத்திரத்தைப் படித்தார். இரண்டு பக்கத்துத் தாத்தாக்களின் பெயரையும் விரலால் தொடாமல் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஜுவேரியாவும் கூடவே படித்துக்கொண்டு வந்தாள்.

"அரக்குதான்" என்றார் மாமி. "விளக்கு முன்னைக்கு இப்போ நன்னா இருக்கு. முன்னே ஏதோ புகை படிஞ்ச மாதிரி இருந்தது, நான்தான் சொல்லலை."

"சரி மாமி."

"உங்கண்ணா எல்லா சாஃப்ட்வேரும் தெரியும்னான்."

"ஒண்ணுதான் தெரியும் மாமி. இலவசமா கெடைக்கிறது. மத்தது தெரியாது."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. அடுத்த தடவை எங்கிட்டயாவது முன்னாடியே சொல்லு. இப்படிக் கறுப்பைக் காட்டி வயத்தைக் கலக்காதே." மாமி அந்தக் கார்டை மடிக்காமல் துணிப்பைக்குள் ஒரு பஞ்சாங்கத்தின் நடுவே வைத்துக்கொண்டு, உள்ளே திரும்பி, "மீதியை மெஷின் நிக்காம ஓட்டுங்கோ, ஆரம்பிச்சாச்சோன்னோ, இனிமே ராகு காலம் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ரகுபதி அவளைப் பார்த்து, "இன்னா மொறைக்கறே, ஊட்டுக்குப் போ. சாயங்காலம் பாயை வரச் சொல்லு, கட்டைத் தூக்கிக்கினு போவட்டும்" என்றார். "இனிமே ஃபைல் அனுப்பச் சொல்லோ எதுல பண்ணே, எத்தினி கலரு, எல்லாம் எழுதி அனுப்பு. தெரிலன்னா கேளு. கேட்டா கடிச்சா தின்னுடுவேன்?"

அவள் போகவில்லை. மெஷினின் அந்தப் பக்கம், கார்டு வந்து விழுகிற தட்டுக்கு அருகே போய் நின்றுகொண்டாள். மெஷின் தாளம் தப்பாமல் ஓடியது. கார்டுகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அடுத்தது கறுத்துவிடுமோ என்று ஒவ்வொன்றுக்கும் அவள் குனிந்து பார்த்தாள்.

"எம்மா, மை மாறாது. உக்காரு" என்றார் இசக்கிமுத்து.

"நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

கடைசிக் கார்டு விழுந்து, மெஷின் நின்று, அதன் சத்தம் அடங்கும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.